கண்மாய் தூர்வாரும்போது பறவைகளுக்கு எதை விட்டுவைப்பது?

மேலமடை:
சிவகங்கைப் பக்கம் 40 ஏக்கர் கண்மாய். ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) 100 ஏக்கருக்குள்தான், அதனால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. கோடையில் தூர்வாரப் போகிறார்கள். மழை முடிந்ததும் வக்கா, நத்தைகுத்தி நாரை, புள்ளிமூக்கு வாத்து எல்லாம் இறங்கும். கூடு கட்ட உள்வாயில் (தண்ணீர் வந்து சேரும் ஆழம் குறைந்த பக்கம்) நாலைந்து கிழட்டுக் கருவேலம்தான் மிச்சம். கூட்டு மரங்களுக்கு மண்திட்டு எவ்வளவு உயரம் போடுவது, என்ன மரம் வைப்பது? சீமைக்கருவேலத்தை மொத்தமாக எடுத்துவிடலாமா? பாசனத் தண்ணீரில் கை வைத்தால் ஊரில் சண்டை வரும், அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

கலுங்கடி:
திட்டை விட முக்கியம், பொக்லைன் கண்மாயைத் தாம்பாளத் தட்டு மாதிரி ஒரே ஆழத்துக்கு வெட்டிவிடக் கூடாது. புள்ளிமூக்கு வாத்து தலையைக் கவிழ்த்து வாலைத் தூக்கி மேய்வது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் போனால் அடிமண் அதற்கு எட்டாது. உள்ளானுக்குக் கணுக்கால் நனைந்தால் போதும். அந்த ஆழம் உள்வாய்ச் சரிவில்தான் கிடைக்கும், அங்கே மூன்றில் ஒரு பங்கைத் தொடவே வேண்டாம்.

திட்டின் தலை கலுங்கு (உபரி நீர் வழியும் இடம்) மட்டத்துக்கு மேல் 2 அடி நிற்க வேண்டும். புதுமண் அமுங்கும், 3 அடியாகவே போடுங்கள். சரிவு 1-க்கு 3, அதாவது ஓரடி உயரத்துக்கு மூன்றடி அகலம். செங்குத்தாகக் குவித்தால் அலை அரித்து மரம் சாயும். 5 அடி நீர் நிற்கும் இடத்தில் 8 அடித் திட்டு, தலை 20 அடி அகலம் என்றால் அடியில் 68 அடி பிடிக்கும். ஆகவே நாலு திட்டு போதும், பேராசை வேண்டாம்.

திட்டடியிலிருந்து 5 அடி விட்டு, மடை (பாசனத் தண்ணீர் வெளியே போகும் மதகு) வாய்மட்டத்துக்குக் கீழே 3 அடி ஆழத்துக்குச் சுற்றிலும் அகழி எடுங்கள். அந்தத் தண்ணீர் மடை வழியே போகாது, பாசனத்துக்கும் நட்டமில்லை. ஆயில் என்ஜின் வைத்து இறைக்காமல் பார்த்துக்கொண்டால் சரி. முட்டையிட்டுக் குஞ்சு பறக்க நாரைகளுக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குள் திட்டைச் சுற்றித் தண்ணீர் காய்ந்தால் நாயும் நரியும் ஏறிவிடும்.

நீர்க்கடம்பு:
திட்டின் தலையில் நாட்டுக் கருவேலம், நீர் தொடும் விளிம்பில் நீர்க்கடம்பு. கருவேல விதையை ஆட்டுக்கிடையில் பொறுக்குங்கள். ஆட்டு வயிற்றில் போய்வந்த விதை சீக்கிரம் முளைக்கும். அதே ஆடு கன்றைக் கடிக்கும் என்பதால் முள்ளும் கட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வருடம் நடாதீர்கள். எச்சம் விழுந்து விழுந்து இலை கருகி மரம் பட்டுப்போகும். ஒரே வயது என்றால் எல்லாம் சேர்ந்து போய்விடும்.

சீமைக்கருவேலத்தில் கூடு இருந்தால் நம் மரம் தலையெடுக்கும்வரை விடுங்கள். மற்றதை வேரோடு பிடுங்குங்கள், வெட்டினால் தழைக்கும்.

மேலமடை:
மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் விடுவார்களே, அதற்கு?

கலுங்கடி:
ஏல நிபந்தனையிலேயே எழுத வையுங்கள்: புல்கெண்டை வேண்டாம், வாத்து தின்னும் வேலம்பாசியை வழித்துவிடும். சாதாக் கெண்டை சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்கும், பாசி வளராது. தங்கூசி (மெல்லிய நைலான் இழை) வலையை இரவெல்லாம் போட்டுவைத்தால் முக்குளிக்கும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் சிக்கிச் சாகும்.