நாகையிலிருந்து தொண்டி வரை: அவசரப்படாத ஒரு கடலோரப் பயணம்

கிழக்குக் கடற்கரைச் சாலை என்றாலே பலருக்கும் சென்னை–புதுச்சேரிதான் ஞாபகம் வருகிறது. அதற்கப்புறம் ஒரே தாவலில் ராமேசுவரம். நடுவில் இருக்கும் நாகப்பட்டினம், வேதாரண்யம், அதிராம்பட்டினம், தொண்டி எல்லாம் தூக்கத்தில் கடந்துபோகிற ஊர்கள். எனக்கும் மனைவிக்கும் அந்த நடுப்பகுதிதான் பயணமே. கிளம்ப நினைப்பவர்கள் எந்த மாதம், எந்தக் கிழமை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கிலோமீட்டர் கணக்கு அப்புறம்.

ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். மழையும் புயலும் அப்போதுதான். எங்களுக்குச் சரியாக அமைந்தது மாசி. கோடியக்கரையில் பூநாரைகள் இன்னும் கிளம்பவில்லை, வேதாரண்யம் உப்பளங்களில் அந்த வருடத்து வேலை தொடங்கியிருந்தது. அகஸ்தியம்பள்ளிப் பக்கம் வண்டியை ஓரங்கட்டி இறங்கினோம். நாலைந்து பேர் வரிசையாக நின்று பாத்தியை மிதித்துக்கொண்டிருந்தார்கள். தரை இறுகினால்தான் உப்பு மண்ணோடு கலக்காமல் வருமாம். “உப்பு எப்ப வாருவீங்க அக்கா?” என்று கேட்டேன். “வெயில் ஏறட்டும் தம்பி. நடுவுல ஒரு மழை அடிச்சா எல்லாம் கரைஞ்சு போவும், திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்” என்றார். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்துவந்து உப்பு அள்ளியது இந்தப் பகுதியில்தான். நினைவுத் தூணும் இருக்கிறது. “தூணைப் பார்க்க வர்றவங்க இந்தப் பக்கம் எறங்குறதில்ல” என்று அந்த அக்கா சிரித்தார். என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களோடு கொஞ்ச நேரம் மிதித்துப் பார்த்தாள். அந்த ஈரத்தில் உப்பு காலை எப்படி அரிக்கும் என்று அன்று ராத்திரி லாட்ஜில்தான் தெரிந்தது.

கோடியக்கரைக்கு விடியற்காலையில் போங்கள். வெயில் ஏறிவிட்டால் வெளிமான்கள் நிழல் தேடிப் போய்விடும்.

அடுத்து மல்லிப்பட்டினம். இங்கேதான் கிழமைக் கணக்கு. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும்: திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. நாங்கள் போய்ச் சேர்ந்தது வியாழக்கிழமை காலை, துறைமுகம் முழுக்க ஐஸ் பெட்டியும் ஏலச் சத்தமும். டீக்கடை பாய், “நேத்து மத்தியானம் வந்திருந்தா என்னோட சேந்து ஈ ஓட்டியிருப்பீங்க” என்றார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அப்போது விசைப்படகு ஒன்றுகூட நகராது. கடையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கடற்பசுவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஆவுளியா என்றுதான் சொன்னார். சின்ன வயதில் அதன் கறி தின்றிருக்கிறாராம். இப்போது வலையில் மாட்டினால் வலையை அறுத்தாவது விட்டுவிடுகிறார்களாம். தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அதைச் சொன்னதும், “அறிவிச்சது நல்லதுதான், அறுந்த வலைக்கு யாரு காசு குடுப்பா?” என்றார். என்னிடம் பதில் இல்லை. இரண்டாவது டீ சொன்னேன்.

பக்கத்திலேயே மனோரா. நெப்போலியன் வீழ்ந்ததைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி எழுப்பிய எட்டடுக்குக் கட்டடம். எங்கோ நடந்த சண்டைக்கு இந்தக் கடற்கரையில் எதற்குக் கோபுரம் என்று தோன்றும், ஆனாலும் அதன் காற்றுக்காகவே போகலாம்.

இதைப் படித்துவிட்டுப் பட்டுக்கோட்டையிலிருந்து குழு உறுப்பினர் ஒருவர் எழுதியது:

எங்கள் ஊர்ப் பக்கம் வந்துவிட்டு முத்துப்பேட்டையை விட்டுவிட்டீர்களே! அலையாத்திக்காட்டுக்குள் போக வனத்துறையிடம் முன்கூட்டியே பேசி அனுமதி வாங்க வேண்டும். ஜாம்புவானோடையிலிருந்து படகு. ஆறு வழியாகப் போய்க் கழிமுகத்தில் ஏரி மாதிரி விரியும் இடம்தான் அழகு. அதற்கே அரை நாள் ஒதுக்குங்கள்.

அப்புறம் ஒரு விஷயம். போன வருடம் காரில் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம் எங்கள் தோப்பில் நிறுத்தி இளநீர் கேட்டது. வெட்டிக் கொடுத்தோம். “மரமெல்லாம் ஏன் இவ்வளவு இளசா இருக்கு? புதுத் தோப்பா?” என்று அவர்களுடைய பையன் கேட்டான். 2018 கஜா புயலில் ஒரே ராத்திரியில் விழுந்த மரங்களுக்குப் பதிலாக வைத்தது என்று என் அப்பா சொன்னார். பழைய மரங்களில் மிச்சம் நின்றது எது என்று கேட்டு, அதைத் தேடிப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவன் காரில் ஏறினான். அப்பா காசு வாங்கவில்லை. எல்லோரும் அப்படி எதிர்பார்த்து வராதீர்கள்!

அம்மாவோடு போய்வந்த இன்னொருவர்:

பெண்களும் வயதானவர்களும் வருவதாக இருந்தால் கழிப்பறையை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். வேளாங்கண்ணியில் பிரச்சினை இல்லை. அதற்குத் தெற்கே பெரிய பெட்ரோல் பங்கைப் பார்த்தால் தேவை இருக்கிறதோ இல்லையோ நிறுத்திவிடுவோம். காரைக்காலில் புதுச்சேரி விலைக்குப் பெட்ரோல் கிடைக்கும், டேங்கை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ராத்திரி தங்க பட்டுக்கோட்டை வசதி. அங்கிருந்து மனோராவும் முத்துப்பேட்டையும் பக்கம்தான்.