ஹவாயன் இயரிங்கின் அடிப்படைக் குலம் ஏன் கட்டற்ற குலம் இல்லை?

கேள்வி
மையம் (1/ந, 0), ஆரம் 1/ந என ந = 1, 2, 3, … க்கு வட்டங்கள் வரைகிறோம். எல்லாம் ஆதிப்புள்ளியில் தொட்டுக்கொள்கின்றன. இந்த உருவமே ஹவாயன் இயரிங். ஆதிப்புள்ளியில் தொடங்கி அங்கேயே முடியும் பாதைகளை (லூப்களை), தொடர்ச்சியாக உருமாற்றக்கூடியவற்றை ஒன்றாகக் கருதி, எடுத்தால் வருவது அதன் அடிப்படைக் குலம். முடிவிலி வட்டங்களைச் செல் வெளியாக (CW வெளியாக) ஒரு புள்ளியில் ஒட்டினால், வான் காம்பென் தேற்றப்படி (துண்டுகளின் குலங்களிலிருந்து ஒட்டிய வெளியின் குலத்தைத் தருவது) கட்டற்ற குலம், அதாவது பிறப்பாக்கிகளுக்கிடையே எந்த உறவும் இல்லாத குலம், கிடைக்கிறது. இங்கே மட்டும் ஏன் கிடைப்பதில்லை? நேரடி நிரூபணம் உண்டா?

பதில் 1
சிக்கல் ஆதிப்புள்ளியின் அண்மையில். செல் வெளியில் கச்சிதமான கணம் எதுவும் முடிவுறு எண்ணிக்கை வட்டங்களையே ஒட்டுப்புள்ளிக்கு வெளியே தொடும், லூப்பும் அப்படித்தான். இயரிங்கிலோ ஆதிப்புள்ளியைக் கொண்ட எந்தத் திறந்த கணமும், சில வட்டங்கள் நீங்கலாக மற்ற எல்லாவற்றையும் முழுதாக விழுங்கிவிடும். எனவே ந-ஆம் வட்டத்தை 1−1/ந முதல் 1−1/(ந+1) வரையான நேரத்தில் சுற்றும் பாதை தொடர்ச்சியானது. எந்தெந்த வட்டத்தைச் சுற்றுவது, எதை விடுவது என்பது நம் விருப்பம். ந-ஆம் வட்டத்தின் மேல் வீழ்த்தினால் சுற்றெண் 1 அல்லது 0. ஆக, ஒவ்வொரு 0/1 தொடருக்கும் தனி உறுப்பு, குலம் எண்ணிடத்தகாதது (உறுப்புகளை 1, 2, 3 என வரிசையிட முடியாது). அந்தச் சிறு வட்டங்களால்தான் எளிய இணைப்புடைய மூடுவெளியும் (universal cover) இல்லாமல் போகிறது.

பதில் 2
குலத்திலிருந்து முழு எண்களுக்கு ஒரு ஹோமோமார்ஃபிசம் ப (லூப்களின் பெருக்கத்தை எண்களின் கூட்டலாக்கும் சார்பு) எடுங்கள். அது ஏதோ ஒரு ந-க்குப் பிறகுள்ள வட்டங்களின் லூப்களை எல்லாம் 0-க்கு அனுப்பியே தீரும்.

இல்லையென்றால், ஒவ்வொரு ந-க்கும் ந-ஐத் தாண்டிய வட்டங்களில் மட்டும் ஓடும் லூப் ல(ந) உண்டு; அதன் மதிப்பு அ(ந) = ப(ல(ந)) 0 அல்ல. தேவையானால் தலைகீழாக்கி அ(ந) > 0 எனக் கொள்ளலாம். இப்போது க(ந) = அ(ந)+2 என வைத்து, வ(ந) = ல(ந)·வ(ந+1)^க(ந) என்று உள்ளுக்குள் அடுக்குங்கள். லூப்கள் சுருங்கிக்கொண்டே போவதால் இது தொடர்ச்சியான லூப்தான். ஆ(ந) = ப(வ(ந)) என்றால் ஆ(ந) = அ(ந) + க(ந)·ஆ(ந+1). ஆ(ந+1) = 0 எனில் ஆ(ந) = அ(ந) > 0. இல்லையெனில் |ஆ(ந)| ≥ (அ(ந)+2)|ஆ(ந+1)| − அ(ந) ≥ 2|ஆ(ந+1)|. இரண்டிலும் |ஆ(ந)| > |ஆ(ந+1)|. குறை எண் அல்லாத முழு எண்கள் முடிவின்றி இறங்க முடியாது. முரண்பாடு.

+1 போதாது: சமம் வர இடமிருக்கிறது, இறக்கம் நின்றுவிடும்.

ஆக ப-ஐத் தீர்மானிப்பவை முதல் சில வட்டங்களே. அப்படிப்பட்ட ஹோமோமார்ஃபிசங்கள் எண்ணிடத்தக்கவை. எண்ணிடத்தகாத கட்டற்ற குலத்துக்கோ எண்ணிடத்தகாத அளவு பிறப்பாக்கிகள்; ஒவ்வொன்றுக்கும் விரும்பிய மதிப்பைத் தரலாம். எண்ணிக்கை பொருந்தவில்லை.

பதில் 3
முந்தைய பதிலின் கடைசிப் படிக்கு, குலம் ‘முதல் ந வட்டங்களின் கட்டற்ற குலம்’, ‘மிச்சத்தின் குலம்’ இரண்டின் கட்டற்ற பெருக்கமாகப் பிரிய வேண்டும். இங்கு வான் காம்பென் செல்லும். ஒட்டும் புள்ளியில் ஒரு பக்கமாவது நல்லியல்புடன் (புள்ளியின் அண்மை புள்ளியாகவே சுருங்கும்படி) இருக்கிறது. இரு பக்கமும் கெட்டிருந்தால் செல்லாது. இயரிங்கின் மேல் எழுப்பிய இரண்டு கூம்புகளை ஆதிப்புள்ளியில் ஒட்டிப் பாருங்கள்: தனித்தனியே சுருங்கத்தக்கவை, ஆனால் ஒட்டிய வெளி எளிய இணைப்புடையதல்ல, அதாவது புள்ளியாகச் சுருங்காத லூப் அதில் உண்டு. கிரிஃபித்ஸ் 1954-இல் காட்டியது இது.

இன்னொரு பொறி: கட்டற்ற குலங்களின் தலைகீழ் எல்லைக்குள் (முதல் ந வட்டங்களின் குலங்களிலிருந்து ஒன்றோடொன்று பொருந்த எடுத்த உறுப்புத் தொடர்களின் குலம்) இந்தக் குலம் ஒன்றுக்கொன்றாகப் பதிகிறது, ஆனால் அதை நிரப்புவதில்லை. [1,2][1,3][1,4]… என்ற மாற்றிகளின் பெருக்கம் எல்லையில் இருக்கிறது (எண்கள் வட்டங்களின் லூப்கள்; [இ,உ] = இ·உ·இ⁻¹·உ⁻¹). ந வட்டங்கள் வரை சுருக்கினால் 1-ஆம் வட்டம் 2(ந−1) முறை வருகிறது. ஒரே வட்டத்தை முடிவின்றிச் சுற்றும் தொடர்ச்சியான லூப் கிடையாது.