மாமாவின் பழைய தோட்டப் பதிவு: வழி தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவையிலிருந்து எழுதுகிறேன். என் பெரிய மாமா இங்குள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் உதவி டீமேக்கராக (தேயிலைத் தயாரிப்பை மேற்பார்ப்பவரின் உதவியாளராக) இருந்தவர். கொழுந்து வாடியது போதுமா, அரைத்த இலை புளித்தது போதுமா என்பதை மணிக்கூட்டைப் பார்க்காமல் மூக்கால் சொல்வாராம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு மன்னார் சென்று, படகேறி இராமேஸ்வரம் போனார். மண்டபம் அகதி முகாமில் பதிந்த பின் வேறொரு முகாமுக்கு மாற்றினார்கள். அங்கே நாற்பது ஆண்டுகளாகச் சுவருக்கு வண்ணம் அடித்தார். அந்தக் கைக்கு இந்த வேலை! அவர் சிரிக்கிறார், எனக்குத்தான் வயிறு எரிகிறது.

இப்போது ஊர் திரும்ப ஆசைப்படுகிறார். பிறப்புச் சான்றிதழ் படகிலேயே நனைந்து போயிற்று. இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் இலங்கையின் 2003ஆம் ஆண்டுச் சட்டமும், இந்தியாவில் அகதிகளாக இருப்போருக்காக வந்த 2009ஆம் ஆண்டுத் திருத்தமும் தெரியும். அந்த வழியில் விண்ணப்பித்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? எந்தப் பத்திரங்களை ஏற்றுக்கொண்டார்கள்? செக்ரோல் (தோட்டத் தொழிலாளர் வேலை, சம்பளப் பதிவேடு) பிரதி, சேமலாப நிதி (வருங்கால வைப்பு நிதி) அட்டை, பள்ளிக்கூடப் பதிவு இவற்றில் ஏதாவது போதுமா? தோட்ட அலுவலகத்தில் கேட்டால் பழைய பதிவேடுகளைக் கறையான் தின்றுவிட்டது என்கிறார்கள். (கறையானுக்கும் எங்கள் பதிவேடுகள்தான் கிடைத்தன போலும்.)

1983க்கு முன் இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள். தனியாக எழுதினால் தோட்டத்தின் பெயரையும் மாமாவின் பெயரையும் தருகிறேன்.