தள்ளாடும் தனியார் பள்ளி: எதைப் பார்க்கணும், எதைக் கையில் வச்சிருக்கணும்

காட்பாடி, பெற்றோர் குழு

டீச்சர்களுக்குச் சம்பளம் வரவில்லை, வேன் நின்றுபோச்சு, பள்ளியை விற்கப் போறாங்களாம் என்று பேச்சு கிளம்பினால் என்ன செய்வது என்று பலரும் கேட்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் இங்கே எழுதுங்கள். பள்ளியின் பெயர், நிர்வாகியின் பெயர் எதுவும் வேண்டாம். என்ன அறிகுறி, எந்தத் தாளை எங்கே வாங்குவது, எது தாமதமானால் பிள்ளைக்கு ஒரு வருஷம் போகும், இது போதும். சொந்தக் கதையை விட்டுவிட்டு, படிப்பவர் நாளைக் காலையிலேயே செய்து பார்க்கக்கூடியதாக எழுதுங்கள்.

சத்துவாச்சாரி, கணக்கர்

வதந்தியை நம்புவதற்கு முன் பி.எஃப். கட்டுகிறார்களா என்று பாருங்கள். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பள்ளி கட்டியே ஆகணும். வருங்கால வைப்பு நிதி இணையதளத்தில் 'எஸ்டாப்ளிஷ்மென்ட் சர்ச்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. லாகின் தேவையில்லை. பள்ளிப் பெயரைப் போட்டு வரவில்லை என்றால் அறக்கட்டளையின் பெயரைப் போடுங்கள். ஃபீஸ் ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். எந்த மாதச் சம்பளத்துக்கு, எந்தத் தேதியில், எத்தனை பேருக்கு, எவ்வளவு கட்டியிருக்கிறார்கள் என்று வரிசையாக வரும்.

ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டணும். பத்து நாள் தள்ளிப்போவது எல்லா ஊரிலும் நடப்பது. மூன்று மாதம் தொடர்ந்து காலியாக இருந்தால், அல்லது நான்கு மாதத்தை ஒரே நாளில் சேர்த்துக் கட்டியிருந்தால், கையில் பணம் புரளவில்லை என்று அர்த்தம். ஆட்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். மே, ஜூனில் குறைவது சகஜம். நவம்பர், டிசம்பரில் குறைந்தால் ஆசிரியர்கள் நடு வருஷத்தில் போகிறார்கள். பல பள்ளிகள் பாதிப் பேருக்குத்தான் கட்டும், அதனால் எண்ணிக்கை சிறியதாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். மாதத்துக்கு மாதம் அது எப்படி மாறுகிறது என்பதுதான் முக்கியம்.

அடுத்தது வில்லங்கம். சர்வே எண் தெரிந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். வங்கியில் பத்திரத்தை ஒப்படைத்த பதிவு இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. கட்டடம் கட்ட கடன் வாங்காத பள்ளி அரிது. அதற்குப் பிறகு தனி நபரிடமோ ஃபைனான்ஸ்காரரிடமோ இன்னொரு அடமானம் ஏறியிருந்தால் வட்டி கட்டவே வட்டிக்கு வாங்குகிறார்கள். வங்கி சர்ஃபாசி சட்டத்தில் (வராக்கடனுக்கு அடமானச் சொத்தை வங்கியே எடுத்துக்கொள்ளும் சட்டம்) இறங்கினால் முதலில் 60 நாள் நோட்டீஸ். அது பள்ளிக்கு மட்டும் போகும், நமக்குத் தெரியாது. அதன் பிறகு, சொத்தை வங்கி எடுத்துக்கொண்டது என்ற சுவாதீன அறிவிப்பைக் கட்டடத்தில் ஒட்டி, இரண்டு பத்திரிகைகளில் போடுவார்கள், ஒன்று தமிழ்ப் பத்திரிகை. நாம் பேப்பரில் பார்க்கும்போது விஷயம் இரண்டு மாதம் பழசாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு அறிகுறியைப் பலர் கவனிப்பதில்லை. அறக்கட்டளைக் கணக்கில் கட்டிக்கொண்டிருந்த ஃபீஸைத் திடீரென்று தாளாளரின் சொந்த ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொல்வார்கள். பழைய கணக்கில் போட்டால் வங்கி கடனுக்கு எடுத்துக்கொள்கிறது, அதுதான் காரணம். அந்தப் பணத்துக்கு ரசீது இல்லாவிட்டால் பின்னாளில் கேட்க வழியே இல்லை.

பேர்ணாம்பட்டு, தனியார் பள்ளியில் நிர்வாக வேலை பார்த்தவர்

கணக்கர் சார் சொன்னதோடு, ஏன் விழுகிறது என்பதும் தெரியட்டும். 400 பிள்ளைகள், சராசரி ஃபீஸ் 25,000 என்றால் ஒரு கோடி. கேட்க பெரிதாக இருக்கும். 25 ஆசிரியர்களுக்கு மாதம் 15,000 என்றால் வருஷத்துக்கு 45 லட்சம். டீசல், டிரைவர், ஆயா, கரண்ட், கடன் தவணை போனால் மிச்சம் சொற்பம். இதில் 60 பிள்ளைகள் விலகினால் 15 லட்சம் குறையும்; ஆனால் அந்த 60 பேரும் பத்து வகுப்பில் சிதறி இருப்பார்கள், ஆசிரியர் ஒருவரைக்கூடக் குறைக்க முடியாது. செலவு அப்படியே நிற்கும்.

நம்ம பக்கம் இன்னொன்று உண்டு. பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் தோல், ஷூ கம்பெனிச் சம்பளத்தை நம்பிய ஊர். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருளுக்கு வரியை 50 சதவீதமாக்கிய மாதிரி ஒரு அடி விழுந்தால், முதலில் ஓவர்டைம் போகும், அடுத்து இரண்டாம் டேர்ம் ஃபீஸ் நிற்கும். குடும்பம் ஏமாற்றவில்லை, இல்லாமல் நிற்கிறது.

ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) பணமும் அப்படித்தான். 25 சதவீத இடத்தில் சேர்த்த பிள்ளைக்கு அரசு திருப்பித் தர வேண்டிய தொகை எப்போதும் தாமதம். ஒன்றிய அரசு சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக்கல்வித் திட்ட நிதியை நிறுத்தி வைத்ததில் 2025-26 சேர்க்கையே அக்டோபருக்குத் தள்ளிப்போனது. பெரிய பள்ளி தாங்கும். எல்.கே.ஜி.யில் பாதிப் பிள்ளைகள் ஆர்.டி.இ. என்று இருக்கும் சின்னப் பள்ளிக்கு மூச்சு முட்டும்.

அதனால் ஒரு வேண்டுகோள். உறுதியாகத் தெரியாமல் வாட்ஸ்அப்பில் 'மூடப் போறாங்க' என்று போடாதீர்கள். ஒரே வாரத்தில் ஐம்பது பேர் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) கேட்டால், பிழைத்திருக்கக்கூடிய பள்ளியும் விழும். டி.சி. வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள்தான் கடைசிவரை உள்ளே இருப்பார்கள்.

குடியாத்தம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

பணத்தைப் பிறகு பார்க்கலாம். பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போதே வாங்கி வைக்க வேண்டியவை இவை: எமிஸ் எண் (பள்ளிக்கல்வித் துறையின் கணினிப் பதிவில் பிள்ளைக்கு உள்ள எண்), சேர்க்கைப் பதிவேட்டில் பிள்ளையின் பக்கத்தின் நகல், கடந்த மூன்று வருட முன்னேற்ற அறிக்கை, முத்திரையுடன் படிப்புச் சான்று, எல்லா ஃபீஸ் ரசீதுகளின் நகல். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை என்றால் தேர்வுத்துறைக்குப் போன பெயர்ப்பட்டியலில் பெயர், பிறந்த தேதி, மொழிப்பாடம் சரியா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பள்ளியின் அங்கீகார ஆணை எந்தத் தேதி வரை என்று கேளுங்கள். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று, கட்டட உரிமம் நான்கும் செல்லுபடியாக இருந்தால்தான் நீட்டிப்பு கிடைக்கும். பணமில்லாத பள்ளி முதலில் கைவிடுவது இவற்றைத்தான். அங்கீகாரம் முடிந்துபோன பள்ளியின் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வேறு பள்ளியோடு சேர்த்துத் தேர்வு எழுத வைக்க வேண்டி வரும், அது கடைசி நேர அலைச்சல்.

மாற்றுவதென்றால் எட்டாம் வகுப்பு வரை சிக்கல் குறைவு. கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 5 படி டி.சி. உடனே தரணும், டி.சி. வரவில்லை என்று அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கவும் கூடாது. அரசுப் பள்ளிக்கு இது நன்றாகத் தெரியும், சேர்த்துக்கொள்வார்கள். நடைமுறையில் இடிப்பது எமிஸ்தான். பழைய பள்ளி பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு (காமன் பூல்) அனுப்பினால்தான் புதுப் பள்ளி எடுக்க முடியும். கையில் டி.சி. தாள் இருந்தும் பெயர் பழைய பள்ளியிலேயே கிடந்தால் பாடநூல் கணக்கு, உதவித்தொகை எல்லாம் நிற்கும். டி.சி. வாங்கும்போதே எழுத்தரிடம் 'பூல்ல போட்டாச்சா?' என்று கேட்டு, அவர் கணினியில் காட்டிய பிறகு வெளியே வாருங்கள்.

சி.பி.எஸ்.இ. வேறு கதை. ஒன்பதாம் வகுப்பிலேயே வாரியத்தில் பதிவு ஆகிவிடும். பத்தாம் வகுப்பில் பள்ளி மாற வாரியத்தின் அனுமதி வேண்டும், காரணமும் ஆவணமும் காட்டணும். சந்தேகம் வந்தால் எட்டாம் வகுப்பு முடிவிலேயே முடிவெடுப்பது நல்லது.

அரியூர், ஒரு அம்மா

ஐயா, ஃபீஸ் பாக்கி இருந்தா டி.சி. தர மாட்டோம்னு சொல்றாங்களே, அதுக்கு என்ன பண்றது?

குடியாத்தம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

தரணும்மா. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: டி.சி. கட்டணம் வசூலிக்கும் கருவி இல்லை, பாக்கி இருக்கிறது என்று அதில் எழுதவும் கூடாது. பாக்கியை அவர்கள் சட்டப்படி தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். வாயால் கேட்காதீங்க. ஒரு வெள்ளைத்தாளில் தேதி போட்டு எழுதி, நகலில் பள்ளி முத்திரை வாங்குங்க. முத்திரை போட மறுத்தால் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்க. ஒரு வாரம் பார்த்துவிட்டு அந்த நகலோடு தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் போங்க.

ராணிப்பேட்டை, வங்கிக் கடன் பிரிவு

ஆபத்தான பணம் மூன்று வகை.

ஒன்று, மூன்று வருஷ ஃபீஸை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பது. பணமுடை இருக்கும் பள்ளிதான் நாளைய வருமானத்தை இன்றே கேட்கும். டேர்முக்கு மேல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்ட வேண்டாம்.

இரண்டு, 'டெபாசிட் போடுங்க, ஃபீஸே வேண்டாம், படிப்பு முடிஞ்சதும் திருப்பித் தர்றோம்' என்பது. அது ஃபீஸ் இல்லை, பள்ளிக்கு நீங்கள் கொடுக்கும் ஈடில்லாக் கடன். கட்டடத்தை வங்கி ஏலம் விட்டால் வங்கி எடுத்தது போகத்தான் மற்றவர்களுக்கு. தமிழ்நாட்டின் 2009 பள்ளிக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி கட்டண நிர்ணயக் குழு ஒவ்வொரு பள்ளிக்கும் வகுப்புவாரியாகக் கட்டணம் நிர்ணயித்து ஆணை தருகிறது. அந்த ஆணையில் இல்லாத தொகையை எந்தப் பெயரில் கேட்டாலும் ஆணையைக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவதுதான் அதிகம் பேரை மாட்டிவிடுவது: மாதத் தவணை. பள்ளி அலுவலகத்திலேயே ஒருவர் செல்போனில் ஆதார், பான் வாங்கி ஓ.டி.பி. கேட்டு முடித்துவிடுவார். ஃபீஸைத்தான் பிரித்துக் கட்டுகிறோம் என்று பெற்றோர் நினைப்பார்கள். உண்மையில் ஒரு நிதி நிறுவனம் முழு வருஷப் பணத்தையும் பள்ளிக்கு அன்றே கொடுத்துவிட்டது, கடன் உங்கள் பெயரில். பள்ளி அக்டோபரில் மூடினாலும் மார்ச் வரை தவணை பிடிப்பார்கள். வங்கியில் சொல்லி நிறுத்தினால் சிபில் (கடன் மதிப்பெண்) கெடும். ஏற்கெனவே போட்டிருந்தால் ஒப்பந்த நகலை வாங்கி, பள்ளி சேவையை நிறுத்தினால் என்ன என்ற பத்தியைத் தேடுங்கள். நிதி நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்பி, 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் இணையத்திலேயே போகலாம்.

நுகர்வோர் நீதிமன்றத்தை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். கல்வி 'சேவை' ஆகாது என்று வந்த தீர்ப்புகள் நிறைய உண்டு.

தொரப்பாடி, வேன் ஓட்டுநர்

வண்டிய பாத்தாலே பள்ளிக்கூடத்து நிலைமை தெரிஞ்சிடுங்க. நல்லா ஓடுற பள்ளிக்கு பங்க்ல மாசக் கணக்கு இருக்கும். டிரைவர் கையில தினம் ஐந்நூறு, ஆயிரம் குடுத்து டீசல் போடச் சொன்னா கணக்கு வெட்டிட்டாங்கன்னு அர்த்தம். ரெண்டு ரூட்ட ஒண்ணாக்கி, சீட்டுக்கு மேல புள்ளைங்கள ஏத்துவாங்க. டயர் மொட்டையா ஓடும்.

போன்ல எம்-பரிவாகன் ஆப் போட்டு வண்டி நம்பர அடிங்க. எஃப்.சி. (வண்டி தகுதிச் சான்று) தேதி, இன்ஷூரன்ஸ் தேதி ரெண்டும் வரும். இன்ஷூரன்ஸ் முடிஞ்சிருந்தா அன்னிக்கே புள்ளைய ஏத்தாதீங்க. வருஷா வருஷம் மே மாசம் ஆர்.டி.ஓ. ஸ்கூல் பஸ்ஸெல்லாம் பாப்பாங்க. அவசரக் கதவு, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி எல்லாம் இருக்கணும். ஜூன்ல பள்ளி தொறந்தும் பாதி வண்டி ஷெட்லயே நின்னா அங்க பாஸ் ஆகலைன்னு புரிஞ்சிக்குங்க.

கம்மவான்பேட்டை, ராணுவக் குடும்பம்

மத்திய அரசு, ராணுவ ஊழியர்கள் கவனத்துக்கு. பிள்ளைகள் கல்விப்படி 2024 ஜனவரியிலிருந்து ஒரு பிள்ளைக்கு மாதம் 2,812.50 ரூபாய். வருஷக் கடைசியில் தலைமையாசிரியர் சான்று கொடுத்துக் கோரணும்; அது கிடைக்காவிட்டால் நீங்களே கையெழுத்திட்ட முன்னேற்ற அறிக்கை நகலோ முழு வருஷ ஃபீஸ் ரசீதோ கொடுக்கலாம். பள்ளியும் அங்கீகாரம் உள்ளதாக இருக்கணும். இந்தத் தாள் எதுவும் கையில் இல்லாமல் மே மாதம் பள்ளி பூட்டிவிட்டால் 33,750 ரூபாய் தொங்கும். மார்ச் கடைசி வாரத்திலேயே வாங்கிவிடுங்கள்.

பாகாயம், ஆசிரியை

ஆர்.டி.இ.யில் சேர்ந்த பிள்ளைகளின் நிலைதான் வேதனை. அந்த இடம் எல்.கே.ஜி., ஒன்றாம் வகுப்பில் நுழையும்போது மட்டும் கிடைப்பது. பள்ளி மூடினால் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு அடுத்த தனியார் பள்ளியில் அதே சலுகை தானாக வராது, முழு ஃபீஸ் கேட்பார்கள். கடன் வாங்கி இன்னொரு தனியார் பள்ளிக்கு ஓடும் முன் பக்கத்து அரசுப் பள்ளியைப் போய்ப் பாருங்கள் அக்கா. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்கணும், ஆர்.டி.இ. பிள்ளைகள் எட்டு வரை தனியாரில் படித்து ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தாலும் செல்லும். கல்லூரியில் மாதம் கிடைக்கும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் ஆயிரம் ரூபாய்க்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழி என்பதுதான் கணக்கு. ஃபீஸ் கட்டிப் படிக்கும் பிள்ளையை எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் மாற்றுங்கள். ஏழாம் வகுப்பில் மாற்றினால் இது எதுவும் கிடைக்காது.

இன்னொன்று, ஆசிரியர் மீது கோபப்படாதீர்கள். மூன்று மாதம் சம்பளம் வராமலும் வகுப்பெடுப்பவர்கள் இருக்கிறார்கள். அசல் சான்றிதழை நிர்வாகம் பிடித்து வைத்திருப்பதால் வெளியே போக முடியாதவர்களும் உண்டு. பொங்கல் கழிந்து கணக்கு, வேதியியல் ஆசிரியர் போனால் அந்த இடம் காலியாகவே கிடக்கும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோர் அப்போதே நான்கைந்து வீடாகச் சேர்ந்து டியூஷன் ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

காட்பாடி, பெற்றோர் குழு

நிர்வாகத்தைப் பார்க்கப் போகும்போது ஐந்தாறு பேர் போதும். வாசலில் கூட்டம் கூட்டினால் தாளாளர் பின்வாசல் வழியாகப் போய்விடுவார். நான்கு கேள்வியை எழுதிக் கொடுங்கள்: அங்கீகாரம் எதுவரை, ஆசிரியர் சம்பளம் எந்த மாதம் வரை கொடுத்தாயிற்று, அடுத்த ஜூனில் எந்தெந்த வகுப்பு நடக்கும், நடத்த முடியாவிட்டால் எந்த மாதத்துக்குள் சொல்வீர்கள். பள்ளியை மூடத் துறையின் அனுமதி வேண்டும், நினைத்த நாளில் பூட்டிவிட முடியாது. ஜனவரிக்குள் பதில் வாங்கினால் பிப்ரவரி, மார்ச்சில் வேறு இடம் தேடலாம்.

பதில் வராவிட்டால் திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து, மனு எண் உள்ள ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வேலூர், காட்பாடி, அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், பேர்ணாம்பட்டுக்காரர்கள் சத்துவாச்சாரிக்கு வரணும். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் எல்லாம் ராணிப்பேட்டை. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர். 2019இல் மாவட்டம் பிரிந்த பிறகும் பழைய நினைப்பில் வேலூருக்கு வந்து ஒரு நாள் கூலியை இழப்பவர்கள் இருக்கிறார்கள். பள்ளி எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அங்கேதான் மனு. உங்கள் வீடு எங்கே என்பதைப் பார்க்க மாட்டார்கள்.