சமையலறை சீலிங்குக்கு எந்த பெயிண்ட்: மேட்டா, சாட்டினா, கிளாஸா?

கும்பகோணம் வீடு

வணக்கம். எங்கள் வீடு கும்பகோணத்தில் 2004-இல் கட்டியது. கான்கிரீட் தளம், மேலே மொட்டை மாடி. சமையலறை பத்துக்கு ஒன்பது அடி. தென்கிழக்கு மூலையில் அடுப்பு. சிம்னி கிடையாது, ஜன்னலுக்கு மேல் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் ஓடுகிறது. வீட்டில் ஆறு பேர். காலையில் இட்லிப் பானை, மதியம் சோறு வடிப்பது, சாயங்காலம் ஏதாவது ஒரு தாளிப்பு அல்லது வடை என்று அடுப்பு ஓய்வதே இல்லை.

பத்து வருடத்துக்கு முன் சீலிங்குக்கு வெள்ளை டிஸ்டம்பர் அடித்தோம். இப்போது அடுப்புக்கு நேர் மேலே தாம்பாளம் அளவுக்குப் பழுப்பு வட்டம். ஏணி போட்டு ஏறி ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். துணியில் பழுப்பும் வந்தது, வெள்ளையும் வந்தது, ஆனால் வட்டம் போகவில்லை. அடுப்புக்கு எதிர் மூலையில், மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கும் இடத்துக்குக் கீழே, பெயிண்ட் அப்பளம் மாதிரி பொரிந்து நிற்கிறது. போன வாரம் அதிலிருந்து ஒரு செதில் அம்மா ஆற வைத்திருந்த பால் பாத்திரத்தில் விழுந்தது. இரண்டு லிட்டர் பாலைக் கொட்டினோம். குழந்தைகள் குடிக்கும் பால். அதிலிருந்து அம்மா மேலே பார்த்துக்கொண்டேதான் சமைக்கிறார்.

பெயிண்டரைக் கேட்டால், “எனாமல் அடிச்சுடலாம்மா, பளபளன்னு இருக்கும், துடைச்சா போயிடும்” என்கிறார். கடைக்காரர், “சீலிங்குக்கு எப்போதும் மேட்தான், வேறு எதுவும் அடிக்காதீர்கள்” என்கிறார். கையேட்டில் சாட்டின், செமி கிளாஸ் என்று இன்னும் இரண்டு இருக்கின்றன. எதை நம்புவது? தை பிறந்ததும் வேலையை ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறோம்.

மதுரை அடுக்குமாடி

எங்கள் வீட்டில் சமையலறை முழுக்க எனாமல்தான். நாலு வருடம் ஆகிறது. சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்தால் பிசுக்கு போய்விடுகிறது. ஒரே குறை, வெள்ளை இப்போது வெண்ணெய் நிறத்துக்கு வந்துவிட்டது. எங்களுக்கு மேலே இன்னொரு வீடு இருப்பதால் மழைத் தண்ணீர்ப் பிரச்சினை இல்லை. உங்களுக்கு அது பொருந்துமா என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

திருச்சி பெயிண்டர்

சகோதரி, நான் இருபத்தேழு வருடமாக பெயிண்டிங் வேலை செய்கிறேன். உங்கள் பெயிண்டர் சொன்னதில் பாதி சரி, கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. ஆனால் அந்தப் பொரிந்த மூலையை இரண்டு பேருமே பார்க்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஃபினிஷ்.

பெயிண்டில் நிறம் தரும் பொடியும் உண்டு, அந்தப் பொடியைப் பிடித்து வைக்கும் பசையும் உண்டு. மேட்டில் பொடி அதிகம், பசை குறைவு. காய்ந்த பிறகு அதன் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் சொரசொரப்பாக, நுண்ணிய துளைகளோடு இருக்கும். அதனால்தான் வெளிச்சத்தைச் சிதறடித்து மேடு பள்ளத்தை மறைக்கிறது. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் சீலிங்கில் மேட் அடிக்கச் சொல்வது இதற்காகத்தான். சமையலறையில் அதே துளைகளுக்குள் எண்ணெய்ப் புகை போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு தேய்த்தால் பெயிண்ட்தான் வரும், கறை வராது. டிஸ்டம்பர் இதைவிட மோசம், அதில் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல் பொடி. உங்கள் துணியில் வந்த வெள்ளை அதுதான்.

கிளாஸில், அதாவது உங்கள் பெயிண்டர் சொன்ன எனாமல் மாதிரிப் பளபளப்பில், பசை அதிகம். கண்ணாடி மாதிரி மூடிக்கொள்ளும், துடைத்தால் போகும். ஆனால் சீலிங்கில் அதை அடித்து நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுச் சமையலறை சீலிங்குக்கு வெள்ளை எனாமல் இரண்டு கோட் அடித்தேன். பகலில் அழகாக இருந்தது. ராத்திரி சுவரில் இருந்த டியூப்லைட்டைப் போட்டதும் சென்ட்ரிங் பலகையின் அச்சு, பூச்சுக்காரர் கரண்டி இழுத்த தடம், எல்லாம் வரிவரியாக எழுந்து நின்றது. ஐப்பசி மழையில் அந்த வீட்டம்மா என்னைக் கூப்பிட்டு இன்னொன்றைக் காட்டினார். சோறு கொதிக்கிற ஆவி மேலே போய், அந்தப் பளபளப்பில் முத்து முத்தாகக் கோத்து, அடுப்பு மேடை மேலேயே சொட்டியது. அந்த வேலையைச் சுரண்டி எடுத்து, என் செலவில் திரும்பச் செய்து கொடுத்தேன்.

உங்களுக்கு நான் சொல்வது சாட்டின். சில கடைகளில் சாஃப்ட் ஷீன் என்பார்கள். தண்ணீரில் கலக்கும் உள்சுவர் எமல்ஷனிலேயே கிடைக்கும். பட்டுத்துணி மாதிரி லேசான மினுமினுப்பு, அவ்வளவுதான். மென்மையான துணியில் பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டு விட்டுத் துடைக்கலாம். சீலிங் மிகவும் மட்டமாக இருந்தால் செமி கிளாஸும் போகலாம். அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி: ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை சீலிங்கோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்து அடித்துப் பாருங்கள். நிழல் அலையலையாக விழுந்தால் செமி கிளாஸை மறந்துவிடுங்கள். 2004 தளத்தில் பெரும்பாலும் அலை இருக்கும்.

சரி, இப்போது அந்த மூலை. எண்ணெய்க் கறை வட்டமாகப் பரவும், தொட்டால் பிசுபிசுக்கும். கோடு கோடாகப் பழுப்பு வந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. பொரிந்து செதிலாக உதிர்ந்தால் அது ஓதம். தொட்டிக்குக் கீழே என்கிறீர்கள், எனக்கு அதுதான் கவலை. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் அந்த இடத்தைத் தட்டிப் பாருங்கள். கெட்டியாகச் சத்தம் வராமல் பொத்தென்று வந்தால் பூச்சு தளத்தை விட்டுப் பிரிந்திருக்கிறது. அது பெயிண்ட் வேலையே இல்லை, கொத்தனார் வேலை. அதுவரை அதற்குக் கீழே யாரையும் நிற்க விடாதீர்கள்.

தட்டியதில் சரியாக இருந்தால், பொரிந்ததைச் சுரண்டிவிட்டு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் ஷீட்டை அங்கே வைத்து, நாலு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்க விடுங்கள். தளத்தைப் பார்த்த பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் மேலிருந்து வருகிறது. நம்மைப் பார்த்த பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது சமையல் ஆவி. மேலிருந்து என்றால், எந்த ஃபினிஷும் நிற்காது. அடுத்த ஐப்பசிக்குள் மறுபடி பால் பாத்திரத்தில்தான் விழும்.

வேதியியல் ஆசிரியை

மதுரைக்காரர் சொன்ன வெண்ணெய் நிறத்துக்குக் காரணம் உண்டு. எனாமலின் பசை எண்ணெயிலிருந்து செய்த ஆல்கிட். வெளிச்சம் குறைந்த இடத்தில் அது மஞ்சளாகிக்கொண்டே போகும். சமையலறை சீலிங்கின் மூலைகள் அப்படிப்பட்ட இடம்தான்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய எனாமல் இருக்கும் வீடுகளில் அதைக் காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். இந்தியாவில் வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் அடித்த எனாமலில் எவ்வளவு இருந்தது என்று பார்த்துச் சொல்ல முடியாது. தூசி குழந்தைகளின் உடம்புக்குள் போனால் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நனைத்துத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். குழந்தைகள் அன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

மூலையில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை இருந்து பிளீச் போடுவதாக இருந்தால், கழிவறை கழுவும் ஆசிட்டை அதனோடு சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு வரும்.

காரைக்குடி

இடையில் ஒரு கேள்வி. எங்கள் பூர்வீக வீட்டுச் சமையல்கட்டு தேக்கு விட்டம் போட்டு, செங்கல் அடுக்கி, சுண்ணாம்பு பூசியது. விறகடுப்புப் புகையில் கறுத்திருக்கிறது. அதற்கும் சாட்டின் அடிக்கலாமா?

திருச்சி பெயிண்டர்

வேண்டாம் ஐயா, கை வைக்காதீர்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உறிஞ்சும், பிறகு வெளியே விடும். அதன் மேல் பிளாஸ்டிக் படலம் போல எமல்ஷனை மூடினால் ஈரம் உள்ளேயே நின்று பூச்சைத் தள்ளும். கரியை நாரால் தேய்த்து எடுத்துவிட்டு, நீற்றிய சுண்ணாம்பை வடிகட்டி மெல்லியதாக மூன்று கை அடியுங்கள். கறை கொஞ்சம் எட்டிப் பார்க்கத்தான் செய்யும். பரவாயில்லை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அடித்தால் போதும். விட்டத்தில் மட்டும் சுண்ணாம்பு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணம் வீடு

அண்ணா, டார்ச் அடித்துப் பார்த்தோம். அலை இருக்கிறது. தட்டினால் கெட்டியாகத்தான் சத்தம் வருகிறது. நேற்று காலை ஏழு மணிக்கு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டினோம், இன்று காலை எடுத்தோம். தளத்தைப் பார்த்த பக்கம் முழுக்க நீர்த்துளி. கை வைத்ததும் உள்ளங்கை நனைந்தது.

மாடிக்குப் போய்ப் பார்த்தால், தொட்டிக்கு அடியில் தட்டோட்டின் இடுக்குச் சாந்து இரண்டு வரிசைக்குப் பெயர்ந்து போயிருக்கிறது. தொட்டி வழியும்போதெல்லாம் தண்ணீர் அங்கேதான் நிற்கிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது? எவ்வளவு பெயிண்ட் வாங்குவது?

திருச்சி பெயிண்டர்

நல்ல வேளை, பெயிண்ட் வாங்குவதற்கு முன் பார்த்தீர்கள். முதலில் தொட்டியின் மிதவை வால்வை மாற்றுங்கள், வழிவது நிற்கட்டும். பெயர்ந்த தட்டோடுகளை எடுத்து அடியில் உள்ள ஜல்லி ஈரம் காய்ந்த பிறகு திரும்பப் பதித்து, இடுக்கை நீர்புகாத கலவையால் அடைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் வடிகுழாய்ப் பக்கம் ஓட வாட்டம் இருக்கிறதா என்று ஒரு வாளி ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு சீலிங் காய குறைந்தது ஒரு மாதம் விட வேண்டும். தை, மாசி வெயில் இதற்கு நல்லது. ஷீட்டை மறுபடி ஒட்டிப் பாருங்கள், காய்ந்திருந்தால்தான் அடுத்தது.

டிஸ்டம்பரைக் கழுவ முயலாதீர்கள், கூழாகிக் கையில் வழியும். தண்ணீர் தெளித்து ஊறவைத்து, தகட்டால் முழுக்கச் சுரண்டிவிட வேண்டும். கொஞ்சம் மிச்சம் வைத்தாலும் புது பெயிண்ட் அதோடு சேர்ந்து உரிந்து வரும். அடுப்புக்கு மேல் அந்த வட்டத்தை மட்டும், அரை வாளி வெந்நீரில் ஒரு கைப்பிடி சலவை சோடா கரைத்து, கையுறை போட்டுத் தேய்த்து, பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு முறை துடையுங்கள். விரலால் இழுத்தால் வழுக்கக்கூடாது. பிசுக்கின் மேல் எமல்ஷன் ஒட்டாது, கண் கண்ணாக விலகும்.

மேடு பள்ளத்தை நிரவும் பட்டி, வெள்ளை சிமென்ட் வகை வாங்குங்கள். அக்ரிலிக் பட்டி ஆவி படும் இடத்தில் தாங்காது. மெல்லிதாக இரண்டு கை போட்டு, ஒரு வாரம் காயவிட்டு, உப்புத்தாள். அதன் மேல் பிரைமர். தண்ணீர் பிரைமர் போட்டால் பழுப்பு வட்டம் அதில் கரைந்து மேலே வந்துவிடும், அதனால் சால்வென்ட் வகை சுவர் பிரைமர் கேளுங்கள். அன்றைக்கு அடுப்பே பற்றவைக்க வேண்டாம். சிலிண்டரை மூடி வெளியே வைத்துவிடுங்கள், இந்த பிரைமரின் ஆவி தீப்பிடிக்கும். சாப்பாடு அன்று மட்டும் வெளியே. கடைசியாக சாட்டின் எமல்ஷன் இரண்டு கோட், நடுவில் நாலு மணி நேரம். தொண்ணூறு சதுர அடிக்கு ஒரு லிட்டர் டின் போதும். பெயிண்டர் தண்ணீர் கூட ஊற்றுகிறாரா என்று டின்னில் போட்டிருக்கும் அளவை வைத்துப் பாருங்கள். அடித்து ஒரு மாதம் வரை துடைக்கக் கூடாது.

கும்பகோணம் வீடு

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். தை முழுக்க மாடி வேலையும் காய்வதும். மாசி பாதியில் ஷீட் ஒட்டிப் பார்த்தோம், எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. பிறகுதான் பெயிண்டரைக் கூப்பிட்டோம். சாட்டின் என்றதும் முதலில் தயங்கினார். எண்ணெய் வட்டத்தின் மேல் பிரைமர் போட்ட அடுத்த நாள் காலை வந்து, கறை எழும்பவில்லை என்று அவரே தொட்டுப் பார்த்துச் சொன்னார். நீங்கள் சொன்னபடி அன்று சிலிண்டர் வராந்தாவில்தான் இருந்தது.

அடித்து முடித்து ஐந்து நாள் ஆகிறது. டியூப்லைட் போட்டால் பழைய அலை தேடிப் பார்த்தால்தான் தெரிகிறது. இன்று காலை அம்மா இட்லிப் பானையைத் திறந்தபோது ஆவி நேராக மேலே போய்ப் பட்டது. கொஞ்ச நேரம் மங்கலாக இருந்து, எக்ஸாஸ்ட் ஓட ஓடக் காய்ந்துவிட்டது, சொட்டவில்லை. பால் பாத்திரத்தை மறுபடி பழைய இடத்திலேயே ஆற வைத்தார். இன்னும் தட்டு போட்டு மூடித்தான் வைக்கிறார்.

அண்ணா, ஒரு மாதம் முடிந்ததும் துடைப்பதற்கு மைக்ரோஃபைபர் துணி போதுமா, ஸ்பாஞ்ச் வேண்டுமா?

திருச்சி பெயிண்டர்

மைக்ரோஃபைபர் போதும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் மட்டும் வேண்டாம், சாட்டினில் தேய்த்த இடம் தனியாகப் பளபளக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, எண்ணெய் இறுகும் முன் துடைத்துவிடுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையையும் அதே நாளில் கழுவிவிடுங்கள் சகோதரி. அதில் பிசுக்கு ஏறினால் இழுக்காது, ஆவி மேலேயே நிற்கும்.