பழைய சிங்கர் கைத் தையல் மெஷின் இறுகிக் கிடக்கிறது, யாராவது வழி சொல்லுங்கள்

கிழக்கு லண்டனில் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு சாரிட்டி கடை இருக்கிறது. கூரை ஒழுகும் இடத்தில் வாளி, உள்ளே நுழைந்ததும் ஈரக் கம்பளி வாடை. கோட்டுகளை விலக்கினால் பின்னால் இன்னும் கோட்டுகள்தான். பாதித் துண்டு தொலைந்த ஜிக்சா பெட்டிகளுக்கு அடியில் போன சனிக்கிழமை ஒரு சிங்கர் 99கே கிடைத்தது. கையால் சுற்றுகிற மெஷின், 15 பவுண்டு. அம்மா வைத்திருந்ததைப் போலவே கறுப்பு உடம்பு, தங்கப் பூவேலை. பேரம் பேச மனம் வரவில்லை. ‘கே’ என்றால் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் செய்தது. அந்தத் தொழிற்சாலையை 1980-லேயே மூடிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் சக்கரம் அரைச் சுற்றோடு நின்றுவிடுகிறது. பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருக்கிறது. அடிநூல் சுற்றுகிற பாபினும் அதன் மேலே மூடுகிற தகடும் இல்லை. திருப்பிக் கொடுக்கவும் முடியாதாம்.

ஊரில் என்றால் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைப்பார்கள். இங்கே அதைச் செய்தால் பூவேலை அழிந்துவிடுமா? இதற்குப் பொருந்துகிற ‘கிளாஸ் 66’ வகை பாபின் வாங்கிவிடலாம், அந்தத் தகடு எங்கே கிடைக்கும்? இல்ஃபோர்டு, ஈஸ்ட்ஹாம் பக்கம் கை மெஷின் பழுது பார்ப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள். மகளுக்குப் பாவாடை தைத்துத் தருவதாக வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.