கெமிஸ்ட் கடையில் மூலிகை வாங்கிய கதைகள்

மும்பை மாட்டுங்காவிலிருந்து:
அம்மாவுக்கு வறட்டு இருமல். பி.பி. மாத்திரை வாங்கப் போன கடையில் அதிமதுரப் பொடி டப்பா ஒன்றையும் எடுத்துக் கவுன்ட்டரில் வைத்தார். கெமிஸ்ட் வயதான குஜராத்தி. பில் போடாமல், "மாஜி, இதைத் தினமும் சாப்பிடுகிறீர்களா?" என்று இந்தியில் கேட்டார். காலையும் ராத்திரியும் தேனில் குழைத்து ஒரு ஸ்பூன் என்று அம்மா பெருமையாகச் சொன்னார். அவர் மாத்திரை அட்டையைத் திருப்பி, டெல்மிசார்ட்டனுக்குக் கீழே இருந்த ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற பெயரில் விரலை வைத்தார். அது சிறுநீரை அதிகம் போகவைக்கும். கூடவே பொட்டாசியமும் போகும். அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசினும் பொட்டாசியத்தைக் குறைக்கும், போதாததற்கு பி.பி.யையும் ஏற்றும். டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்கச் சொல்லி டப்பாவை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டார். வந்த வியாபாரத்தை யார் இப்படி விடுவார்கள்? "எங்க பாட்டி காலத்துலேர்ந்து சாப்பிடறோம்" என்று அம்மா வீடு வரை முணுமுணுத்தார். பாட்டி பி.பி. மாத்திரை சாப்பிடவில்லையே!

செம்பூரிலிருந்து:
எனக்கு நேர்மாறு. சுவரில் பார்மசிஸ்ட் சான்றிதழ் தொங்கியது, ஆளைக் காணோம். கவுன்ட்டர் பையன் சீந்தில் மாத்திரையை நீட்டி, "சைட் எஃபெக்ட்டே கிடையாது அங்கிள்" என்றான். சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாக 2021இல் இதே மும்பை டாக்டர்கள் எழுதினார்கள், ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அந்தச் சண்டை இருக்கட்டும். எனக்குக் கல்லீரலில் கொழுப்பு இருக்கிறது, அதையாவது கேட்டிருக்கலாம்.

தாராவியிலிருந்து, நான் பார்மசிஸ்ட்:
"வேறு மருந்து சாப்பிடுறீங்களா?" என்றால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். "கஷாயம், பொடி, லேகியம் ஏதாவது?" என்று கேட்டால்தான் பை திறக்கும். ஒரு அக்கா தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே கால்சியமும் விழுங்கிக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் நடுவில் 4 மணி நேரமாவது வேண்டும், இல்லையென்றால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் பூண்டு கேப்சூல் கேட்டால் நான் தருவதே இல்லை. ரத்தக்கசிவு ஆபத்து, டாக்டரைக் கேட்டு வரட்டும்.

மருந்து கொடுக்கும்போது விளக்கிச் சொல்வது எங்கள் கடமை என்று பார்மசிஸ்ட்டுகளுக்கான 2015 விதிமுறையே சொல்கிறது. ஆனால் ஆயுர்வேத மருந்து விற்க லைசென்ஸ் வேண்டாம். மளிகைக் கடையிலும் கிடைக்கும், அங்கே யார் கேட்பார்கள்? சாயங்காலக் கூட்டத்தில் எனக்கும் ஆளுக்கு ஒரு நிமிடம்தான் கிடைக்கிறது. அதனால் வீட்டில் சாப்பிடுகிற எல்லா டப்பாவையும் மொபைலில் போட்டோ எடுத்து வாருங்கள். பின்பக்கம், எழுத்து தெரிகிற மாதிரி.